இரவல் புகழ்

சீனாவின் வடமேற்கு மூலையில் துர்ப்பான் என்றொரு வறண்ட பள்ளம் இருக்கிறது. மழை அநேகமாக எட்டிப் பார்க்காத நிலம். அங்குள்ள யாங்ஹாய் கல்லறைகளில் ஒன்றைத் திறந்தபோது, சுமார் 45 வயதில் இறந்த ஆண் ஒருவரின் உடலும், அதன் அருகே தோல் கூடை ஒன்றும், மரக் கிண்ணம் ஒன்றும் கிடைத்தன. இரண்டிலும் உலர்ந்த செடித்துண்டுகள். கொத்தமல்லி என்றுதான் முதலில் நினைத்தார்கள். எடை 789 கிராம். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகுதான் கஞ்சா என்று தெரிந்தது. வயது ஏறத்தாழ 2,700 ஆண்டுகள். பச்சை நிறம்கூட முழுக்கப் போகவில்லை. கிண்ணத்தின் உட்புறம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. யாரோ அதில் வைத்து இடித்திருக்கிறார்கள்.

எத்தன் ருசோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை வேதியியல் சோதனைக்கு உட்படுத்தி 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. அதில் அநேகமாக மிஞ்சவில்லை. அந்த இடத்தில் மேலோங்கி நின்றது சி.பி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கன்னாபினால். அதைப் பார்த்துத்தான், அந்த மனிதரோடு புதைத்தது நார் எடுக்கும் சணல் வகை அல்ல, டி.எச்.சி. நிறைந்த போதை வகைதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். இறந்தவரின் சமூகம் தேடிப் பறித்தது ஒன்று. நம் காலம்வரை வந்து சேர்ந்தது வேறொன்று.

இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது பொருளைப் பற்றியது. இன்று அமெரிக்கக் கடைகளில் மிட்டாயாகவும் எண்ணெயாகவும் 'தூக்கத்துக்கான கஞ்சாச் சத்து' என்ற பெயரில் அது விற்கிறது. அந்தப் பெயருக்கு அது எவ்வளவு தகுதியானது என்று கேட்டால், விடை நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக நழுவிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் அது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். கஞ்சாச் செடி சி.பி.என்.னை நேரடியாகத் தயாரிப்பதில்லை என்றே சொல்லலாம். பறித்து உலர்த்திய பூக்கொத்தில் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் வேலை செய்யத் தொடங்குகின்றன. டி.எச்.சி. மூலக்கூறில் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். ஆக்சிஜனேற்றத்தில் நான்கு ஹைட்ரஜன்கள் கழன்று போக, ஒரு வளையம் பென்சீனைப் போலத் தட்டையாகி இறுகிவிடுகிறது. அதுதான் சி.பி.என். இழப்பு நான்கே அணுக்கள். ஆனால் மூளையில் டி.எச்.சி. போய் ஒட்டும் சி.பி.1 என்ற ஏற்பியில் இதன் பிடி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

இந்த மாற்றத்தின் வேகத்தை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அளந்திருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் வைத்த கஞ்சாவில் ஓராண்டில் சராசரியாக 16.6 சதவீத டி.எச்.சி. போய்விடுகிறது. இரண்டாம் ஆண்டின் முடிவில் 26.8, நான்காம் ஆண்டின் முடிவில் 41.4 சதவீதம். ஆகவே, டி.எச்.சி.யோடு ஒப்பிட்டு சி.பி.என். எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் சரக்கின் வயதைக் கணிக்கலாம். விகிதம் 0.013-க்குக் கீழே என்றால் ஆறு மாதத்துக்கு உட்பட்டது; 0.04-க்கும் 0.08-க்கும் இடையில் என்றால் ஒன்று முதல் இரண்டு வயது. நோயாளிக்குப் பயன்பட்டதோ இல்லையோ, தடயவியல் ஆய்வாளருக்கு சி.பி.என். வெகுகாலமாகப் பயன்பட்டு வருகிறது.

இத்தனைக்கும், கஞ்சாவிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட கன்னாபினாய்டு (டி.எச்.சி. உள்ளிட்ட கஞ்சாச் சேர்மங்களின் பொதுப்பெயர்) இதுதான். 1890-களில் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு என்ற மூன்று வேதியியலாளர்கள் சரஸ் எனப்படும் கஞ்சாப் பிசினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காற்றழுத்தத்தைக் குறைத்துக் காய்ச்சி வடித்ததில் பிசுபிசுப்பான ஒரு சிவப்பு எண்ணெய் கிடைத்தது. போதையின் மூலத்தைப் பிடித்துவிட்டோம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் கன்னாபினால் என்ற பெயரே வந்தது.

நம்பிக்கைக்கு ஆதாரம் தந்தவர் மருந்தியல் ஆய்வாளர் சி.ஆர். மார்ஷல். பிப்ரவரி மாதத்து மதியம் ஒன்றில், இரண்டரை மணி வாக்கில், சிங்க் எத்தில் காய்ச்சி வடிக்கும் கருவியைப் பூட்டிக்கொண்டிருந்தவர், கண்ணாடிக் குச்சியின் நுனியில் அந்தப் பொருளைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டார். 0.1 முதல் 0.15 கிராம் இருக்கும். சிங்க் எத்தில் என்பது காற்றுப் பட்டாலே தீப்பற்றும் திரவம். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யும் நேரமா பரிசோதனைக்குக் கிடைத்தது என்று இன்றைய ஆய்வக மேற்பார்வையாளர் யாரும் தலையில் அடித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் நடை தள்ளாடியது, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது, நேரம் நீண்டுகொண்டே போனது. அனுபவத்தை அவர் 1897-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். அசல் கஞ்சா மயக்கம், சந்தேகமில்லை. ஆனால் அதை உண்டாக்கியது கன்னாபினால் அல்ல.

அந்தச் சிவப்பு எண்ணெய் ஒரு கலவை. 1899-ல் அதே குழு அதிலிருந்து தூய கன்னாபினாலைப் படிகச் சேர்மமாகப் பிரித்து, சரியான வாய்பாட்டையும் கண்டது. 1901-ல் ஆய்வக வெடிப்பு ஒன்றில் ஸ்பைவி இறந்துபோனார். ஈஸ்டர்ஃபீல்டு நியூசிலாந்துக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். வுட் விவசாய ஆராய்ச்சிக்குத் திரும்பினார். வேலை அப்படியே நின்றது. 1930-களில் ராபர்ட் கான் (வேதியியல் மாணவர்கள் இடக்கை, வலக்கை மூலக்கூறுகளுக்குப் பெயரிடப் படிக்கும் விதியில் வரும் அதே கான்) இதன் அமைப்பைப் பெருமளவு தெளிவாக்கினார். 1940-ல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் டாடும், அமெரிக்காவில் ரோஜர் ஆடம்சும் தனித்தனியே அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள். தூய பொருள் கையில் வந்ததும் குட்டு உடைந்தது: அதற்குப் போதை இல்லை. கலவையில் உடனிருந்த வேறொன்றின் வேலையை இதன் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அந்த வேறொன்று யார் என்பது 1964-ல் இஸ்ரேலில் ரபேல் மெக்குலம், யெகியேல் கவோனி இருவரும் டி.எச்.சி.யைத் தூய நிலையில் பிரித்தபோது தீர்ந்தது. அதன்பின் ஆராய்ச்சிப் பணமும் ஆர்வமும் அந்தப் பக்கம் போயின.

இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர் திரும்பி வந்ததும் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். கன்னாபினால் ஒருமுறை கழற்றிக் கொடுத்துவிட்டது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டதுதான் தூக்க நகை.

1970-களில் அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1973-ல் கலிஃபோர்னியாவில் லியோ ஹாலிஸ்டர் வாய்வழியாக 400 மில்லிகிராம் வரை கொடுத்தும் கஞ்சாவின் அறிகுறிகள் எதுவும் தென்படவில்லை. 1975-ல் பிரேசிலைச் சேர்ந்த கார்னியோல் குழு ஐந்து ஆண்களிடம் செய்த சோதனைதான் பின்னால் பெரிதாகப் பேசப்பட்டது. அவர்களுக்கு சி.பி.என். தனியாகவும், டி.எச்.சி. தனியாகவும், இரண்டும் கலந்தும் வெவ்வேறு நாட்களில் தரப்பட்டன. சி.பி.என். மட்டும் 50 மில்லிகிராம் கொடுத்தபோது குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, டி.எச்.சி. மட்டும் எடுத்த நாளைவிட அதிகக் கிறக்கமும் தலைச்சுற்றலும் தூக்கக் கலக்கமும் இருந்ததாகச் சொன்னார்கள்.

இந்த ஐவரின் அனுபவத்தோடு, பழைய கஞ்சா ஆளை அடித்துப் போடும் என்று புகைப்பவர்களிடையே உலவும் பேச்சும் சேர்ந்துகொண்டது. பழைய சரக்கில் சி.பி.என். அதிகம், பழைய சரக்கு தூங்க வைக்கிறது, ஆகவே சி.பி.என். தூங்க வைக்கிறது. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் சரக்கு பழசாகும்போது மாறுவது சி.பி.என். மட்டுமல்ல. புத்துணர்ச்சியான வாசம் தரும் இலகுவான டெர்பீன்கள் முதலில் ஆவியாகிப் போய்விடுகின்றன, கனமானவை தங்குகின்றன. நான்காண்டு கழித்தும் பாதிக்கு மேல் டி.எச்.சி. மிச்சம் இருக்கிறது, அதுவே தூக்கம் வரவழைக்கக்கூடியது. இத்தனை பேர் இருக்கும் அறையில் ஒருவரை மட்டும் குற்றவாளி என்று கைகாட்ட ஏதாவது சாட்சி வேண்டாமா?

சாட்சி இல்லாமலேயே தீர்ப்பு வந்தது. கலிஃபோர்னியாவில் கஞ்சாப் பரிசோதனைக்கூடம் ஒன்று, 5 மில்லிகிராம் சி.பி.என். 10 மில்லிகிராம் டயசெபாமுக்குச் சமம் என்று சொன்னது. டயசெபாம், மருத்துவர் சீட்டு இல்லாமல் நம் ஊர் மருந்துக்கடையில் கேட்கக் கூடாத தூக்க, பதற்ற மாத்திரை. இந்தச் சமன்பாட்டுக்கு அடியில் பிரசுரமான மனித ஆய்வு எதுவும் இல்லை. ஹாலிஸ்டர் கொடுத்த 400-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எண்பதில் ஒரு பங்குதான் இந்த 5. ஆனாலும் வாக்கியம் ஒரு விளம்பரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போனது. 2021-ல் ஜேமி கோரூன் என்ற ஆய்வாளர் அதுவரை வந்த மனித ஆய்வுகளை எல்லாம் தேடிப் பார்த்து, தூக்கத்துக்கு சி.பி.என். உதவும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார். சந்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சந்தையின் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. யாரும் கஞ்சாவை வருடக்கணக்கில் கிடங்கில் போட்டுக் காத்திருப்பதில்லை. 2018-ல் அமெரிக்காவில் ஹெம்ப் எனப்படும் சணல் வகைப் பயிருக்குச் சட்ட அனுமதி கிடைத்ததும், அதிலிருந்து எடுக்கும் சி.பி.டி. என்ற இன்னொரு கன்னாபினாய்டு மலிந்து போனது. அதை அயோடின் முதலிய வினைபொருள்களோடு சூடாக்கி சி.பி.என். ஆக மாற்றுகிறார்கள். 'இயற்கையான செடிச்சத்து' என்று சீட்டு ஒட்டிய புட்டிக்குள் இருப்பது, பெரும்பாலும் ஒரு வேதிக்கலத்தில் பிறந்த பொருள். அதில் தவறொன்றும் இல்லை, எத்தனையோ நல்ல மருந்துகள் அப்படிப் பிறந்தவைதான். ஆனால் மருந்துத் தொழிற்சாலையில் எச்சங்களை அளந்து பார்க்க ஆள் இருக்கிறார். மிட்டாய்த் தொழிலில் அந்தக் கட்டாயம் தளர்ந்தே இருக்கிறது. சி.பி.டி. புட்டிகளின் கதையே இதற்கு எச்சரிக்கை. 2017-ல் இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்ததில், சீட்டில் எழுதிய அளவோடு பொருந்தியவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 18-ல் டி.எச்.சி.யும் இருந்தது.

இனி, உருப்படியான இரண்டு ஆய்வுகளுக்கு வருவோம்.

முதலாவது மனிதர்களிடம் நடந்தது; முடிவுகள் 2023-ல் வெளியாயின. தங்கள் தூக்கம் மோசம் என்று தாங்களே சொன்ன 18 முதல் 55 வயதுக்காரர்கள், ஏறத்தாழ முந்நூறு பேர். ஏழு இரவுகள். ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத போலி, ஒரு பிரிவுக்கு 20 மில்லிகிராம் சி.பி.என்., மற்றவர்களுக்கு அதே 20-உடன் வெவ்வேறு அளவில் சி.பி.டி. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. சி.பி.என். எடுத்தவர்கள் நடு இரவில் விழிப்பது குறைந்தது. ஒட்டுமொத்தத் தூக்கக் குலைவும் குறைந்தது. பகல் சோர்வு கூடவில்லை. இவை நல்ல செய்திகள். ஆனால் ஆய்வு முதன்மையாகக் கேட்ட கேள்வி தூக்கத்தின் தரம் பற்றியது. அதில் தெரிந்த முன்னேற்றம் தற்செயல் என்று தள்ளிவிடக் கூடிய அளவில்தான் இருந்தது. படுத்தபின் தூக்கம் பிடிக்க எடுக்கும் நேரமும் குறையவில்லை. விழித்துக் கிடக்கும் மொத்த நேரமும் குறையவில்லை. சி.பி.டி.யைச் சேர்த்ததால் கூடுதல் பலனும் இல்லை. 'படுத்ததும் தூக்கம்' என்று விற்கிறார்களே, சரியாக அந்த ஒன்றைத்தான் இந்த ஆய்வு தரவில்லை. மேலும் எல்லாமே பங்கேற்றவர்கள் வாயால் சொன்னது. தூக்கத்தைப் பற்றி நாம் காலையில் சொல்வதற்கும், இரவில் மூளை அலைகள் சொல்வதற்கும் பல சமயம் பொருத்தம் இருப்பதில்லை.

இரண்டாவது ஆய்வு எலிகளிடம் நடந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜோனதன் அர்னால்டு குழு 2024-ல் வெளியிட்டது. எலிகளின் மூளை அலைகளை நேரடியாகப் பதிவு செய்தார்கள். சி.பி.என். கொடுத்ததும் முதலில் தூக்கம் கொஞ்சம் குறைந்தது. பிறகு நன்றாகவே கூடியது. ஆழ்ந்த தூக்கம் கூடிய அளவு, சோல்பிடெம் என்ற பிரபலமான தூக்க மாத்திரையோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. கனவுத் தூக்கமும் கூடியது; சோல்பிடெம் அதைச் செய்யவில்லை. சி.பி.என். தனியாகவே தூக்கத்தைத் தொடுகிறது என்பதற்குக் கருவி வைத்து எடுத்த சான்று இது. இத்தனை ஆண்டு இரவல் என்று சொல்லி வந்ததில் கொஞ்சம் சொந்த நகையும் இருக்கிறதோ என்று எண்ண வைக்கிறது.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. உடலுக்குள் போன சி.பி.என்.னில் ஒரு பகுதி, நொதிகளால் 11-ஹைட்ராக்சி சி.பி.என். என்ற வேறு பொருளாக மாறுகிறது. எலி மூளையில் அதன் செறிவு சி.பி.என்.னுக்கு இணையாக இருந்தது. சி.பி.1 ஏற்பியை அது தூண்டும் வலுவோ, கிட்டத்தட்ட டி.எச்.சி.யின் வலு! அந்தப் பொருளைத் தனியாகக் கொடுத்தபோதும் எலிகளின் தூக்கம் மாறியது. 'போதை இல்லாத தூக்க மருந்து' என்பதுதான் சி.பி.என்.னை விற்கும் வாக்கியம். தூக்கத்தில் ஒரு பங்கு அந்த ஏற்பி வழியாகத்தான் வருகிறது என்றால், அளவைக் கூட்டக் கூட்ட அந்த வாக்கியத்தின் முதல் பாதி ஆட்டம் காணும். நான்கு ஹைட்ரஜனை இழந்து சாதுவான மூலக்கூறுக்கு, உடல் ஒரு ஆக்சிஜனைச் சேர்த்துக் கொடுத்துப் பழைய குணத்தை ஓரளவு திருப்பித் தந்துவிடுகிறது. மனிதர்களில் இது எவ்வளவு நடக்கிறது என்பதை வைத்துத்தான், சி.பி.என். மருந்தாகுமா என்பதையும் எந்த அளவில் ஆகும் என்பதையும் தீர்மானிக்க முடியும். அதே குழு, தூக்கமின்மை நோய் உள்ள 20 பேருக்கு ஓர் இரவு 30, ஓர் இரவு 300 மில்லிகிராம், ஓர் இரவு மருந்தில்லாத போலி என்று கொடுத்து உறக்க ஆய்வகத்தில் பதிவு செய்யும் திட்டத்தை 2023-லேயே வெளியிட்டது. 5 மில்லிகிராம் என்ற அளவை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை.

தூக்கத்துக்கு அப்பால் சொல்லப்படும் பலன்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் அளவிலேயே கன்னாபினாய்டுகள் கட்டுப்படுத்துவதாக 2008-ல் ஜொவான்னி அப்பெந்தினோ குழு கண்டது. சி.பி.என். அவற்றில் ஒன்று, அவ்வளவே. கண்ணாடித் தட்டில் சாகும் பாக்டீரியா உடலுக்குள்ளும் சாகும் என்று உத்தரவாதம் இல்லை. கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் பமீலா மாஹெர் குழு, நரம்பு உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவை சி.பி.என். பாதுகாக்கிறது என்று காட்டியிருக்கிறது. இதுவும் வளர்ப்பு உயிரணுக்களில். 2005-ல் ஏ.எல்.எஸ். என்ற தசை முடக்க நோய் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்குக் கொடுத்தபோது நோய் தலைகாட்டுவது இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனது. ஆனால் ஆயுள் ஒரு நாளும் நீளவில்லை. செய்தித் தலைப்புகளில் முதல் வாக்கியம் மட்டும் வரும்.

மருந்து நிறுவனம் ஒன்று முறையாக மனிதர்களிடம் கொண்டுபோனது தோல் களிம்பை. லேசாகத் தொட்டாலும் தோல் கொப்பளித்து உரிந்துவிடும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற பிறவி நோயில், சி.பி.என். களிம்பை ஒரு பகுதியிலும் வெறும் களிம்பை இன்னொரு பகுதியிலும் தடவிப் பார்த்தார்கள். அரிப்பு குறைவதற்கான அறிகுறி தெரிந்தது. புண் ஆறுவதில் இரண்டுக்கும் பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. பங்கேற்றவர்களோ ஒரு வகுப்பறையில் அடங்கும் எண்ணிக்கை. ஆனாலும் இரவெல்லாம் சொறிந்து ரணமாகும் குழந்தைக்கு அரிப்பு குறைவதே பெரிய விஷயம் என்பதால், எனக்கு மிட்டாயைவிட இந்தக் களிம்பின் மேல் மதிப்பு அதிகம்.

எச்சரிக்கைகளில் முதலாவது, ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு. தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, மது போன்ற மயக்கும் எதனோடும் இதைச் சேர்த்தால் கலக்கம் கூடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்லாமல் எந்தக் கன்னாபினாய்டையும் தொடக் கூடாது. இரண்டையும் கையாள்வது கல்லீரலின் ஒரே நொதிக் குடும்பம். இரண்டாவது, சிறுநீர்ப் பரிசோதனை. கஞ்சா எடுத்தவரைக் கண்டுபிடிக்கும் சில துரிதச் சோதனைகளில் சி.பி.என்.னும் அதன் சிதைபொருளும் டி.எச்.சி. போலவே விழுந்துவிடுகின்றன. வேலைக்குச் சேரும் முன் சோதனை வைக்கும் கம்பெனியிடம் 'அது வெறும் தூக்க மிட்டாய்' என்று விளக்கிக்கொண்டிருக்க நேரும்.

மூன்றாவது, பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது. அமெரிக்கப் பல்பொருள் கடையில் தடையின்றிக் கிடைக்கிறதே என்று அப்பாவின் தூக்கமின்மைக்கு ஒரு புட்டி வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரிட்டனின் போதைப்பொருள் சட்டத்தில் கன்னாபினால் பெயர் சொல்லியே 'பி' வகுப்பில் இருக்கிறது. சிங்கப்பூரில் இன்னும் கடுமை. அங்கே கன்னாபினாலும் அதன் வழிப்பொருள்களும் 'ஏ' வகுப்பு. 'கஞ்சாக் கலவை' என்பதற்கு அந்நாட்டுச் சட்டம் தரும் விளக்கமே, டி.எச்.சி.யும் கன்னாபினாலும் எந்த அளவிலேனும் சேர்ந்துள்ள செடிப்பொருள் கலவை என்பதுதான். உயிர் பறிபோகக்கூடிய வழக்குகளில் அரசு ஆய்வகம் தாக்கல் செய்யும் சான்றிதழ்களில் இந்த இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து வரும். சென்னைக்கு வரும் வழியில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று திட்டமிடுகிறவர், அந்தப் புட்டியைப் புறப்படும் ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.